நச்சுக்கொடியும் தயிர்ப் பணியாரமும்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் லாபிர் சேரின் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் இலக்கம் சொல்லமாட்டார்கள். "ஆர், புளுகு சேரா?" என்று முதலில் சிரிப்பார்கள். பிறகுதான் கையை நீட்டுவார்கள்.

உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர். அவர் கரும்பலகையில் வரைந்த பலா இலையைப் பட்டணத்துத் தெருவில் திரியும் மான் ஒன்று யன்னலால் தலையை நீட்டி நக்கித் தின்றதாம். துறைமுகத்துக்குள் வழிதவறி வந்த திமிங்கிலம் ஒன்று இவர் கைகாட்டிய பக்கம் திரும்பிப் போனதாம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது கண்ணில் ஒரு பொட்டு வெட்கம் இருக்காது. முகம் முழுக்க கந்தூரிச் சோறு கண்ட பிள்ளையின் சந்தோஷம்தான்.

இந்தக் கதைகளை ஒரு ஆள் மட்டும் கடைசிவரை இருந்து கேட்பாள். அவருடைய மனைவி நஜ்முன் நிஸா. பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்புவாள். "திமிங்கிலம் வந்தது சரி. நீங்க கைகாட்டினதுதான் பொய்," என்பாள். அவள் கண்மூடி மௌத்தாகி இரண்டு வருஷம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட ஒருவருக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. லாபிர் சேருக்கு அதுதான் பொறுக்கவில்லை. மகள் அஸ்மியா வயிற்றில் பெண்பிள்ளை என்று தெரிந்த அன்றே முடிவெடுத்துவிட்டார். பேத்திக்குப் பெயர் நஜ்முன் நிஸா. கடல் வற்றினாலும் அதுதான்.

கடல் வற்றியிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். குறுக்கே நின்றது கிண்ணியாச் சம்மந்தி.

மருமகன் றிஸ்வியின் வாப்பா முஹம்மது தம்பி, எருமைப் பட்டிக்காரர். அவருடைய தயிர்ச் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் தயிர் இறங்காது; கெட்டி அப்படி. ஆளும் தயிர் மாதிரித்தான், ஒரு முறை உறைந்தால் அசையமாட்டார். அவர் நப்லா என்ற பெயரில் உறைந்துபோயிருந்தார்.

"நஜ்முன் நிஸா! கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள புள்ள பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்திடும் சம்மந்தி. நப்லா எண்டா வாய் திறக்க முந்தியே முடிஞ்சிடும்."

"உங்கட எருமைக்கு வைக்கிற பேரை ஏன் என்ட பேத்திக்குத் தாறீங்க?"

"என்ட எருமைக்கெல்லாம் இதைவிட நல்ல பேர் கிடக்கு."

மகளும் மருமகனும் கெட்டிக்காரர்கள். "ரெண்டு பேரும் ஒத்து ஒரு பேரைச் சொல்லுங்க, வைப்பம்," என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

பிரசவத்துக்குச் சில கிழமைக்கு முன், ஒரு காலைநேரம். சம்மந்தி வழக்கம்போல மோட்டார் சைக்கிளில் தயிரோடு வந்து கதிரையில் குந்தியிருந்தார். அஸ்மியாவைப் பார்க்கச் சாம்பல்தீவிலிருந்து பிரசவம் பார்க்கிற குடும்பநல மாது ஞானமணியும் வந்திருந்தார். ஞானமணி சிரித்ததை அந்தப் பகுதியில் பிறந்த ஒரு குழந்தையும் கண்டதில்லை. லாபிர் சேர் எல்லோருக்கும் பப்பாசிப்பழம் வெட்டினார். இரண்டாகப் பிளந்ததும், உள்ளே கறுத்து மினுங்கிய விதைகளைக் கண்டு கை அப்படியே நின்றுவிட்டது. படிப்பித்த வாய் சும்மா கிடக்குமா?

"சம்மந்தி, இஞ்ச பாருங்க. இந்த விதையெல்லாம் சுவரில ஒட்டிக்கிடக்குதே, அந்த இடத்துக்கு என்ன பேர் தெரியுமா?"

"பப்பாசி."

"சூல்வித்தகம். மிளகாயைப் பிளந்தா நடுவில வெள்ளையா நிக்கும், விதை அதிலதான் தொங்கும். அதுவும் சூல்வித்தகம். தாய் வயித்தில குழந்தை தொங்குற நச்சுக்கொடி இருக்கே, அதுவும் அதேதான். இங்கிலீசில மூண்டுக்கும் ஒரே பேர், பிளசென்டா. அந்தச் சொல்லு எங்கேயிருந்து வந்தது தெரியுமா?"

"சொல்லுங்க, எப்பிடியும் சொல்லத்தானே போறீங்க."

"பணியாரத்தில இருந்து!"

சம்மந்தி பப்பாசித் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

லாபிர் சேர் எழும்பி நின்றுகொண்டார். இருந்துகொண்டு சொல்லக்கூடிய கதையா இது? பழைய கிரேக்கர்கள் தட்டையான ஒரு பணியாரத்துக்கு வைத்த பெயர் அது. தட்டை என்ற அர்த்தத்திலேயே பிறந்தது. உறோமாபுரிக்காரர் அதை வாங்கிப் பிளசென்டா ஆக்கினார்கள். மெல்லிய மாத்தட்டுகளை அடுக்கி, இடையில் ஆட்டுப்பால் கட்டியும் தேனும் பூசிச் சுட்டுத் தின்றார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்குமேல் அது வெறும் தின்பண்டம்தான். பிறகு இத்தாலியில் ஒரு வைத்தியர், உடம்பைக் கீறிப் பார்க்கிறவர், தாயின் நச்சுக்கொடியைக் கையில் எடுத்தார். வட்டமாக, தட்டையாக, தடிப்பாகக் கிடந்தது. 'அட, கருப்பையின் பணியாரம்!' என்று எழுதிவைத்தார். அவருக்குப் பின்னால் வந்த தாவரக்காரர்கள், விதைக்குச் சோறூட்டுகிற இடமும் இதே வேலைதானே செய்கிறது என்று அந்தப் பெயரைக் கடன்வாங்கிப் பப்பாசிக்கும் மிளகாய்க்கும் சூட்டினார்கள்.

"அந்த வைத்தியர் அதைச் சொன்ன நாள்," என்று லாபிர் சேர் கையை விரித்தார், "இத்தாலியில இருந்த பேக்கரியெல்லாம் ஒரு கிழமை பூட்டு."

அந்தக் கடைசி வரியை அவர் விட்டிருக்கலாம்.

"திமிங்கிலத்தைவிட இது பெரிய புளுகு," என்றார் சம்மந்தி. "நான் காணாத நச்சுக்கொடியா? பட்டியில வருஷாவருஷம் பாக்குறன். நீளமா, கந்தல் சேலை மாதிரி வரும். அதில இடைக்கிடை பொத்தான் பொத்தானாக் கிடக்கும். வட்டமாம், தட்டையாம், பணியாரமாம்!"

"அது எருமைக்கு. மனிசருக்கு வேற." லாபிர் சேர் போனை எடுத்தார்.

"போனில கிடக்கு எண்டு காட்டாதீங்க. போனில உலகம் தட்டை எண்டும் கிடக்கு."

லாபிர் சேர் உதவிக்கு ஞானமணியைப் பார்த்தார். ஞானமணி அஸ்மியாவின் கையில் இரத்த அழுத்தப் பட்டியைச் சுற்றிக்கொண்டே, "வட்டம்தான். தட்டைதான். ஆனா சேர், அதைக் கண்டு பணியாரம் தின்ன ஆசை வந்த ஆளை நான் இன்னும் காணேல்ல," என்றார்.

"பாத்தீங்களா!" சம்மந்தி துடையில் தட்டினார். "சரி, நான் ஒண்டு சொல்றன். அந்தப் பணியாரத்தை நீங்க சுட்டுக் காட்டுங்க. கண்ணுள்ள ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ரெண்டையும் மாறிப் பிடிச்சா பேர் உங்கட. இல்லாட்டி நப்லா. மிஸ்தான் தீர்ப்பு."

"எனக்கு வேற வேலை கிடக்கு," என்றார் ஞானமணி. ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

சம்மந்தி கேலியாகத்தான் சொன்னார். லாபிர் சேர் கேலியாக எடுக்கவில்லை. வாழ்க்கை முழுக்க அவர் சொன்ன பொய்யையெல்லாம் ஊர் ரசித்துக் கேட்டது. இப்போது சொன்னது உண்மை, பேக்கரி பூட்டைத் தவிர. அந்த உண்மையின் தலையில்தான் நஜ்முன் நிஸாவின் பெயர் குந்தியிருந்தது. விடுவாரா?

அன்று மத்தியானமே குசினிக்குள் புகுந்தார். அதுவரை அந்தக் குசினியில் தேத்தண்ணியைத் தவிர வேறெதையும் அவர் கொதிக்கவைத்ததில்லை. நஜ்முன் நிஸா கேக் சுடுகிற போறணையைத் துடைத்து எடுத்தார். ஆட்டுப்பால் கட்டிக்கு எங்கே போவது? சம்மந்தியின் எருமைத் தயிரே இருக்கிறது. அதை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். தண்ணீர் வடிந்து கட்டியானது. தேனும் கிடைத்தது.

முதலாவது பணியாரம் கல். அதைக் குளம்புகளால் உடைக்கப் பார்த்த மான் ஒன்று நொண்டிக்கொண்டு போனது என்று அயலில் சொன்னார். இரண்டாவது கூழ். அதற்கடுத்தது கரி. ஓரிரவு முழுக்கத் துறைமுகத்துக் கப்பலொன்று இவர் வீட்டுப் புகையைக் கண்டு சங்கு ஊதியதாம். அஸ்மியா மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாப்பா, நப்லாவும் வடிவான பேர்தானே," என்று மெல்லச் சொல்லிப்பார்த்தாள்.

"நீயுமா?" என்று ஒரு பார்வை. அவ்வளவுதான். மறுபடி மா குழைத்தார்.

மாவைத் தேய்க்கத் தேய்க்கக் கை படிந்தது. தட்டு மெலிந்தது. தேனோடு சர்க்கரைப் பாணியும் சேர்த்துக் காய்ச்சினால் நிறம் கறுஞ்சிவப்பாகும் என்று கண்டுபிடித்தார். நடுவில் போறணையின் சூடு குறைவு, அதனால் பணியாரம் நடுவில் ஈரமாய்ச் சோர்ந்து ஓரத்தில் உப்பி நின்றது. மிஞ்சிய மாவை எறிய மனமில்லாமல் கயிறாக முறுக்கி நடுவில் ஒட்டினார், தட்டிலிருந்து தூக்கப் பிடியாக இருக்கட்டும் என்று. அது அப்படியே கொடி மாதிரி நின்றதற்கு அவர் பொறுப்பில்லை. கேட்டால் சத்தியம் செய்வார்.

பணியாரம் சரியாக வந்த அன்று விடியத்தான் அஸ்மியாவுக்கு நோக்கண்டது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மதியத்துக்கு முன்னமே சுகப்பிரசவம். பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் நலம். லாபிர் சேர் பேத்தியைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. அவர் வாழ்க்கையில் அது நடந்ததில்லை என்பதால் தாதி ஓடிவந்து, "ஐயாவுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டாளாம்.

அந்தக் குடும்பங்களில் நச்சுக்கொடியை ஆசுபத்திரியில் விட்டுவிட்டு வருவதில்லை. கேட்டு வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, தாய்வீட்டு வளவில் புதைத்து, மேலே ஒரு தென்னம்பிள்ளை வைப்பார்கள். அதற்கென்று வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோகவேண்டும். அஸ்மியாவின் கலியாணத்துக்கு வந்த பெரிய ஐஸ்கிரீம் பெட்டிகளை அந்த வீட்டில் ஒருவரும் எறியவில்லை. எந்த வீட்டில்தான் எறிவார்கள்? அலுமாரிக்குமேல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. றிஸ்வி ஒன்றை எடுத்துக்கொண்டுபோயிருந்தான். இன்னொன்றில் லாபிர் சேர் தன் பணியாரத்தை ஈரம் காயாமல் தயிர் வடித்த வெள்ளைத் துணியால் சுற்றி, துறைமுகத்து எறும்புக்குப் பயந்து இறுக்கி மூடிக் குசினி மேசையில் வைத்திருந்தார்.

மிச்சத்தை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். லாபிர் சேர்தான் ஊகிக்கவில்லை.

றிஸ்விக்கு இரத்தம் என்றால் தலைசுற்றும். ஆசுபத்திரியில் கொடுத்த பெட்டியை முகத்தைத் திருப்பிக்கொண்டே தூக்கிவந்து, கண்ணை மூடியபடி குசினி மேசையில் வைத்துவிட்டு, ஆசுபத்திரிக்கு மனைவியிடம் திரும்பி ஓடிவிட்டான். வளவில் முஹம்மது தம்பி குழி தோண்டி முடித்து அலவாங்கோடு தயாராக நின்றார். முதல் பேத்தி. இந்தக் காரியத்தைத் தான்தான் செய்வேன் என்று கிண்ணியாவிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர், தென்னம்பிள்ளையும் அவருடையது. குசினிக்குள் எட்டிப் பார்த்தார். மேசையில் ஒரு பெட்டி கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு போனார்.

லாபிர் சேர் அந்நேரம் முன்வாசலில் ஞானமணியை வரவேற்றுக்கொண்டிருந்தார். "வாங்க மிஸ், வாங்க. இண்டைக்கு நீங்க காணப்போறதை உலகத்தில ஒரு மருத்துவிச்சியும் கண்டிருக்கமாட்டா." அவரைக் குசினிக்குக் கூட்டிவந்து, பீங்கானை வைத்து, கத்தியை வைத்து, பெட்டியை முன்னால் தள்ளினார். "திறங்க. நீங்களே திறங்க."

ஞானமணி மூடியைத் திறந்தார். துணியின் ஒரு முனையை விலக்கினார். மறுபடி மூடினார்.

"சேர், கத்தியை உள்ளே வையுங்க."

"ஏன்?"

"இது பணியாரம் இல்லை."

"இல்லையா! அவ்வளவு ஒத்துக் கிடக்குதா?" லாபிர் சேர் துள்ளிவிட்டார். "மிஸ்ஸே மாறிப் பிடிச்சிட்டீங்க! பேர் எனக்கு!"

"நான் மாறிப் பிடிக்கேல்ல. இது உங்கட பேத்தியுடையது."

லாபிர் சேர் பெட்டியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மேசையில் வேறு பெட்டி இல்லை. பிறகு இருவரும் சேர்ந்தே யன்னலைப் பார்த்தார்கள்.

வளவின் மூலையில், துறைமுகம் தெரிகிற பக்கம், முஹம்மது தம்பி குழிக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். பெட்டி திறந்து பக்கத்தில் கிடந்தது. வெள்ளைத் துணியை விலக்கி உள்ளே குனிந்து பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். முறுக்கிய கயிற்றை விரலால் ஒருமுறை தொட்டார். கண் கலங்கித் துடைத்துக்கொண்டார். துணியைப் பக்குவமாக மூடி, பிஸ்மி சொல்லி, இரு கைகளாலும் குழிக்குள் இறக்கினார்.

"கூப்பிடுங்க," என்றார் ஞானமணி.

லாபிர் சேர் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணில் அந்த மினுக்கம் ஏறியது.

"துஆ ஓதுறார் மிஸ். துஆவில ஆளைக் குழப்பப்படாது."

ஞானமணி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அது இருமல் என்று அவர் பின்னர் சொன்னார்.

மண் மூடி, தென்னம்பிள்ளை நட்டு, தண்ணீர் ஊற்றி முடித்ததும்தான் லாபிர் சேர் முற்றத்தில் இறங்கினார். பெட்டியை ஞானமணி தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

"சம்மந்தி, நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தனான்." சம்மந்தி அலவாங்கைச் சாய்த்துவைத்தார். "நீங்க சொன்னது சரிதான். வட்டம். தட்டை. எருமை மாதிரி இல்லவே இல்ல. கொடியும் முறுக்கி எவ்வளவு வடிவு! அதுக்கு ஒரு வாசம் சம்மந்தி, தேன் மாதிரி, நெய் மாதிரி. எங்கட வம்சத்துக்கு அப்பிடித்தான். நச்சுக்கொடிகூட மணக்கும்."

அந்நேரம்தான் எறும்பு வந்தது. ஒன்று இரண்டு இல்லை. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கோதுமைக் கப்பலை விட்டுவிட்டு ஊரெறும்பு முழுக்க அந்த மூலைக்கு இறங்கியது போல, சிவப்புக் கயிறாக வந்து குழியைச் சுற்றியது. வேலிக்கு வெளியே நின்ற மான் ஒன்றும் கழுத்தை நீட்டி மூக்கை விரித்தது.

"பாருங்க," என்றார் சம்மந்தி பெருமையாக. "எறும்புக்குக்கூடத் தெரியுது."

"தெரியும்தான்," என்றார் லாபிர் சேர். "உங்கட எருமைத் தயிர்தானே."

முஹம்மது தம்பிக்கு விளங்கவில்லை. ஞானமணி கையிலிருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். அவர் பார்த்தார். குழியைப் பார்த்தார். எறும்பைப் பார்த்தார். தான் ஈரக்கண்ணோடு தொட்ட கயிறு ஞாபகம் வந்திருக்கவேண்டும், விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். முகம் அந்தப் பாணியைவிடக் கறுஞ்சிவப்பானது.

"இது சதி. வேணுமெண்டு மாத்தி வைச்சிருக்கிறீங்க."

லாபிர் சேருக்கு அருமையான ஒரு கதை நாக்கு நுனிவரை வந்தது. மூன்று மாதமாகத் திட்டமிட்டேன், றிஸ்விக்குப் பயிற்சி கொடுத்தேன், எறும்புக்கும் சொல்லிவைத்தேன் என்று அளந்திருக்கலாம். அதை அவர் விழுங்கியது அன்றைக்கு அவர் செய்த பெரிய காரியம்.

"இல்ல சம்மந்தி. மாறிப்போனதுதான். நானே கத்தியை எடுத்துக்கொண்டு அதை வெட்டப் போனனான். மிஸ்ஸைக் கேளுங்க."

"ஓம்," என்றார் ஞானமணி. "உண்மை. தீர்ப்பும் சொல்லட்டா? கண்ணுள்ள ஒரு ஆள் மாறிப் பிடிச்சாப் போதும் எண்டது ஆர்?"

முஹம்மது தம்பி அலவாங்கை எடுத்து, பக்கத்தில் இன்னொரு குழி தோண்டத் தொடங்கினார். லாபிர் சேரும் மண்வெட்டியோடு குனிந்தார். உண்மையானதை இம்முறை இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். அதற்குமேல் நட வேறு பிள்ளை இல்லை. லாபிர் சேர் காலையில் தின்ற பப்பாசியின் விதையில் ஒரு கை எடுத்துப் போட்டார். தென்னம்பிள்ளையைப் பிடுங்கி மாற்ற இருவருக்கும் மனம் வரவில்லை. பணியாரமும் கஷ்டப்பட்டுப் பிறந்ததுதானே.

கைகழுவும்போது சம்மந்தி மெல்லக் கேட்டார். "இதை வெளியில சொல்லுவீங்களா?"

"சொல்லாம என்னால ஏலாது."

"கிண்ணியாப் பாலத்தால நான் தலை நிமிர்ந்து போகேலாது, சம்மந்தி."

"பயப்படாதீங்க. நான் சொன்னா ஆர் நம்பப்போறாங்க?"

முஹம்மது தம்பி அதை யோசித்துப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. அப்படித்தான் நடந்தது. லாபிர் சேர் அடுத்தநாளே தெரு முழுக்கச் சொன்னார். "திமிங்கிலத்துக்குப் பிறகு நல்ல கதை ஒண்டு," என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர் சொன்னதிலேயே ஒரு சொல்லும் கூட்டாத கதை அது.

ஏழாம் நாள் பெயர்வைப்பு. வீடு நிறைந்த சனம். பெயரைச் சொல்லவேண்டிய நேரம் லாபிர் சேர் வாய் திறக்கவில்லை. சம்மந்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். தோற்ற ஆள் சொன்னால்தான் அது பெயர். முஹம்மது தம்பி பிள்ளையின் காதருகில் குனிந்தார்; நப்லா என்று தவறியும் வந்துவிடக்கூடாது என்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, நஜ்முன் நிஸா என்றார். சொல்லி முடிக்கும்வரை பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. கொட்டாவிதான் விட்டது.

சில நாள் கழித்து, ஒரு காலையில், கேற்றடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. சம்மந்தி தயிர்ச் சட்டியை நீட்டினார். போகாமல் நின்றார். அங்கேயும் இங்கேயும் பார்த்தார்.

"சம்மந்தி, அந்தப் பணியாரம் இன்னொருக்காச் சுடுவீங்களா? வாசம் மறக்கேலாமக் கிடக்கு. புதைச்சதால தின்னவும் இல்லை."

லாபிர் சேர் சட்டியை வாங்கினார். போறணை சூடேற எவ்வளவு நேரமாகும் என்று மனம் கணக்குப் போட்டது. ஆனாலும் அசையாமல் வழியை மறித்து நின்றார்.

"சுடுறன். முதல்ல உள்ளே இருக்கிற ஆளைக் கூப்பிடுங்க. முழுப்பேர். எனக்குக் கேக்க."

முஹம்மது தம்பி பட்டியில் எருமையைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டைக்காரர். கையை வாயருகே குவித்தார்.

"நஜ்முன் நிஸா!"

அந்தப் பெயர் முன்வாசலால் நுழைந்து, விறாந்தை கடந்து, குசினி வரை போனது. உள்ளேயிருந்து ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது.

"வாறா, வாறா," என்று லாபிர் சேர் சட்டியோடு குசினிக்கு நடந்தார்.